அக்கா செய்த நீல விளக்கு

அக்கா இறந்தது ஒரு புதன்கிழமை. எனக்குச் செய்தி வந்தது ஞாயிற்றுக்கிழமை காலையில். புக்கிட் பெலிம்பிங்கிலிருந்து அவருடைய தம்பி மனைவி போன் செய்து, எல்லாம் முடிந்து மூன்று நாளாகிறது என்றாள்.

"ஏம்மா அன்னிக்கே சொல்லல?"

"அவங்கதான் சொல்லி வச்சிருந்தாங்க. வேல நாள்ல யாருக்கும் சொல்லாதீங்க, லீவு போட்டுட்டு ஓடி வருவாங்க, ஞாயித்துக்கெழம சொன்னாப் போதும்னு."

சொல்லிவிட்டு அவள் அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. தன் சாவுக்குக்கூட யாரும் ஒரு நாள் சம்பளத்தை இழந்துவிடக் கூடாது என்று கணக்குப் பார்த்து வைத்திருக்கிற மனுஷியை என்ன செய்வது?

அவர் பெயரை எழுதப் போவதில்லை. எழுதினால் அவருக்குப் பிடிக்காது. பதினேழு வருடம் நான் கூப்பிட்டதும் அக்கா என்றுதான்.

கோலாலம்பூருக்கு வடக்கே ரவாங்கில் ஒரு தொழிற்சாலையில் கார் ரேடியோவுக்கான சர்க்யூட் பலகைகள் செய்தோம். மெஷின் விட்ட குறைகளைக் கையால் ஈயம் வைத்துச் சரிசெய்வது அக்காவின் வேலை. அவர் முடித்ததைப் பூதக்கண்ணாடியில் பார்த்து அனுப்புவது என் வேலை. அவருடைய பலகையைத் திருப்பி அனுப்பியதாக எனக்கு நினைவில்லை. ஈயம் வைத்த இடம் ஒவ்வொன்றும் கடுகு உருட்டி வைத்ததுபோல் ஒரே அளவில் மின்னும்.

ஒருநாள் சூட்டுக்கோல் வழுக்கி அவர் கட்டைவிரலில் பட்டுவிட்டது. தோல் வெந்த வாடை எனக்கே அடித்தது. அவர் விரலில் டேப்பைச் சுற்றிக்கொண்டு வேலையைத் தொடர்ந்தார். "கிளினிக்குக்குப் போங்கக்கா" என்றேன். "நான் எந்திரிச்சா லைன் நிக்கும். எல்லாருக்கும் எதுக்கு செரமம்?" மாலை ஷிப்ட் முடிந்த பிறகுதான் போனார். அதுவும் பேக்டரி பஸ் தாமதமாகிவிடக் கூடாது என்று, எல்லோரையும் அனுப்பிவிட்டுத் தனியாக.

இரண்டு பேரும் புக்கிட் செந்தோசாவில் ஒரே வரிசையில் வீடு வாங்கியிருந்தோம். எனக்கும் அவருக்கும் நடுவில் இரண்டு வீடுகள். எனக்குக் கணவர், இரண்டு பிள்ளைகள். அவர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று நான் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் "அவருக்கு எதுக்கு செரமம்" என்று, இல்லாத புருஷனுக்காகவும் இரக்கப்பட்டிருப்பார்.

என் இரண்டாவது மகள் பிறந்தபோது நாற்பது நாளும் எனக்குப் பத்தியச் சாப்பாடு அவர் வீட்டிலிருந்துதான் வந்தது. பூண்டுக் குழம்பு, சுறாப் புட்டு, நல்லெண்ணெய் விட்ட சோறு. விடிகாலையில் சமைத்து, வேலைக்குப் போகும் வழியில் தூக்குச்சட்டியை எங்கள் கேட்டில் மாட்டிவிட்டுப் போவார். மணி அடிக்க மாட்டார், குழந்தை எழுந்துவிடுமாம். நான் காலிச் சட்டியைத் திருப்பித் தரும்போது உள்ளே ஏதாவது வைத்து அனுப்பினால், மறுநாள் அதைவிட ஒரு பங்கு அதிகமாக வரும். ஒரு கட்டத்தில் வைப்பதை விட்டுவிட்டேன். கொடுக்க மட்டுமே தெரிந்த ஒருவரிடம் வாங்கிக்கொண்டே இருப்பதில் ஒரு வெறுமை இருக்கிறது. அவர் வீட்டுக் கதவு திறந்துதான் இருக்கும், ஆனால் உள்ளே போக நமக்கு ஒரு காரணம் கிடைக்காது.

மீன் தொட்டி வந்த கதையும் அப்படித்தான்.

எங்கள் மேனேஜர் ஒரு ஜப்பான்காரர். அவர் அறையில் கடல்நீர்த் தொட்டி ஒன்று இருந்தது. அதில் இரண்டு கோமாளி மீன்கள், கொஞ்சம் பவளம். அவர் ஊர் திரும்பும்போது தொட்டியை யார் எடுத்துக்கொள்கிறீர்கள் என்று கேட்டார். ஆளாளுக்குப் பின்வாங்கினார்கள். உப்புத் தண்ணீர் பார்ப்பது லேசல்ல. கடைசிவரை காத்திருந்துவிட்டு, வேறு யாருக்கும் வேண்டாம் என்று உறுதியான பிறகு அக்கா கையைத் தூக்கினார்.

அதை வீட்டுக்குக் கொண்டு வர அவர் போட்ட திட்டம் என்ன தெரியுமா? தொட்டித் தண்ணீரைக் குடிநீர்ப் போத்தல்களில் நிரப்பி, தினமும் நாலு நாலாகப் பேக்டரி பஸ்ஸில் சுமந்து வருவது. மூன்று நாள் சுமந்த பிறகுதான் எனக்கே தெரிந்தது. என் கணவர் பள்ளி வேன் ஓட்டுகிறவர். சேதி கேட்டதும் அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"ஏங்க்கா, நான் ஒருத்தன் வேன் வச்சிக்கிட்டு இங்க எதுக்கு இருக்கேன்?"

"பிள்ளைங்க ஏறுற வண்டிலா. உப்புத் தண்ணி பட்டா துருப்பிடிச்சிரும்."

"தண்ணிதானே வேணும்? சுங்கை செம்பிலாங் கடலுக்குப் போனா லோரி லோரியா அள்ளிக்கிட்டு வரலாம்."

அக்கா சிரித்துவிட்டார். கோலசிலாங்கூர்ப் பக்கத்து எஸ்டேட்டில் பிறந்து வளர்ந்தவர் அவர். "அது சேத்துக் கடல். எங்க ஊர்ல கடல்னா தேத்தண்ணி நெறம்தான். நீலக் கடல நான் காலண்டர்ல பார்த்ததோட சரி."

ஒரு சனிக்கிழமை வேனில் தொட்டி வந்து சேர்ந்தது. அதன் விளக்கு மட்டும் வரவில்லை. மேனேஜரின் சாமான்களைக் கட்டிய ஆட்கள் அதையும் தவறுதலாகப் பெட்டிக்குள் வைத்துக் கட்டிவிட்டார்கள். மனிதர் இன்னும் மூன்று நாள் ஓட்டலில்தான் தங்கியிருக்கிறார் என்று ஆபீஸ் பெண் சொன்னாள். நம்பரும் கொடுத்தாள்.

"ஒரே ஒரு போன் போடுங்கக்கா. குடுத்துட்டுப் போயிருவாரு."

"கட்டின பெட்டியப் பிரிக்கச் சொல்லவா? ஊருக்குப் போற மனுஷன். பாவம்லா."

பவளத்துக்கு வெளிச்சம்தான் சாப்பாடு. ஜன்னல் வெளிச்சம் அதற்குப் போதவில்லை. இரண்டே நாளில் விரல் விரலாக ஆடிக்கொண்டிருந்த பவளம் சுருங்கிக் குச்சியாகிவிட்டது. அக்கா அதன் முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ஒரு போனில் முடிகிற காரியத்துக்கு ஒரு உயிரைக் காய விடுகிறாரே என்று எனக்கு அப்போதே உறுத்தியது. மூன்று நாளும் கடந்தது. மேனேஜர் விமானம் ஏறிவிட்டார். அடுத்த ஞாயிறு அக்கா செரண்டாவில் ரயில் ஏறிக் கோலாலம்பூருக்குப் போய், எலக்ட்ரானிக் சாமான் கடைகளில் அலைந்து, ஒரு பிளாஸ்டிக் பையோடு திரும்பினார். விளக்கைத் தானே செய்யப் போகிறாராம்.

பையில் எல்இடி விளக்குகள். ஒவ்வொன்றும் சட்டைப் பொத்தான் அளவு, ஆறு முனை நட்சத்திரம் போன்ற தகட்டில் ஒட்டியிருந்தது. நீலம் பதினாறு, வெள்ளை எட்டு. கரண்டை அளந்து கொடுக்க இரண்டு டிரைவர் பெட்டிகள். சூட்டை வாங்கிக்கொள்ள விசிறி மடிப்புபோல் வரிவரியாக இருந்த ஓர் அலுமினியக் கட்டை. பழைய கம்ப்யூட்டர் காற்றாடி ஒன்று. சட்டத்துக்கு மட்டும் அலுமினியக் கம்பி வேண்டியிருந்தது. எதிர்வீட்டில் ஜன்னல் மாற்றிக்கொண்டிருந்தார்கள். கழற்றிய கம்பிகள் வாசலில்தான் கிடந்தன. கேட்டிருந்தால் சந்தோஷமாகக் கொடுத்திருப்பார்கள். அக்கா கேட்கவில்லை. அவர்கள் அதைக் குப்பை என்று ரோட்டோரம் போடுகிற வரை மூன்று நாள் காத்திருந்து எடுத்துக்கொண்டார்.

சாப்பாட்டு மேசையில்தான் வேலை நடந்தது. நான் போய் எதிரே உட்கார்ந்தேன். வீட்டில் இருக்கும்போதும் தொழிற்சாலையில் இருப்பதுபோல் முடியைத் தொப்பிக்குள் செருகி, மணிக்கட்டில் நிலைமின்சாரம் இறங்குவதற்கான பட்டை மாட்டி, அதன் ஒயரை ஜன்னல் கிராதியில் கவ்வ விட்டிருந்தார். நட்சத்திரங்களின் முதுகில் சூடு கடத்தும் வெள்ளைப் பசையைப் பழைய பஸ் கார்டால் மெல்லியதாக இழுத்தார். ஒவ்வொன்றையும் அலுமினியத்தில் அழுத்தி, திருகாணி முடுக்கினார். பிறகு ஒன்றிலிருந்து ஒன்றுக்கு ஒயர். வழக்கமாகத் தொழிற்சாலையில் அவர் பேசமாட்டார். அன்று பேசினார்.

"இதுல ஒன்னு செத்தாலும் அந்த வரிசையே அணைஞ்சிரும். அதான் ரெண்டு வரிசையா பிரிச்சிக்கிட்டேன். ஒன்னு போனாலும் இன்னொன்னு எரியும்."

பேச்சுவாக்கில், என் சின்ன மகள் வீட்டில் தடதடவென்று ஓடுகிறாள் என்று நான் குறைபட்டுக்கொண்டேன். அவர் ஈயக் கம்பியிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்.

"ஓடட்டும் விடு. எங்கம்மா போன பிறகு நான் பெரியம்மா வீட்ல இருந்தேன். எஸ்டேட் லயத்து வீடு, பலகைத் தரை. எந்தப் பலக சத்தம் போடும்னு எனக்குத் தெரியும். அதுல கால் வைக்காமயே நடந்து போயிருவேன். நான் வீட்ல இருக்கேனா இல்லையான்னு அவங்களுக்கே தெரியாது."

பெருமையாகத்தான் சொன்னார். சொல்லிவிட்டு அடுத்த நட்சத்திரத்துக்குப் போய்விட்டார்.

கூரையிலிருந்து இரண்டு சங்கிலியில் தொங்கவிட்டு விளக்கைப் போட்ட சாயங்காலம் என் வீட்டில் எல்லோரும் அங்கே இருந்தோம். ஒரு கணம் கண் கூசியது. பிறகு அந்தச் சின்னக் கூடம் முழுவதும் நீலம் பரவிச் சுவரில் அலை ஆடியது. பவளத்தின் ஓரங்களில் இதுவரை நாங்கள் பார்க்காத பச்சை எரிந்தது. என் கணவர் கைதட்டினார். அக்கா வெட்கப்பட்டுக்கொண்டு அடுப்படிக்குப் போய் எல்லோருக்கும் மைலோ கலக்கினார்.

ஆனால் அந்த வாரமே பவளத்தின் நுனிகள் வெளுக்க ஆரம்பித்தன. வெளிச்சம் அதிகமாகிவிட்டது. அக்கா கலங்கிப்போனார். "இவ்வளவு நாள் இருட்டுல கெடந்துச்சேன்னு மொத்தமா அள்ளிக் குடுத்துட்டேன். அதுக்குத் தாங்கல." கொசுவலைத் துணியை வெட்டி, விளக்குக்கும் தண்ணீருக்கும் நடுவில் நாலு மடிப்பாகக் கட்டினார். நாலு நாளைக்கு ஒரு மடிப்பாக எடுத்தார். கடைசி மடிப்பை எடுத்த அன்று பவளம் பழையபடி விரல்களை நீட்டி ஆடியது. எனக்குச் சொல்லி அனுப்பவில்லை. நானாகப் போய்ப் பார்த்தபோதுதான் தெரிந்தது.

தொழிற்சாலையில் ஆட்களைக் குறைத்தபோது அக்கா வேலையை விட்டார். அதன் பிறகு அவர் நாளில் நிச்சயமாக இருந்தது அந்த விளக்கு ஒன்றுதான். பிற்பகல் இரண்டு மணிக்குப் போடுவார், பத்து மணிக்கு அணைப்பார். தானாகவே போட்டு அணைக்கிற டைமர் ஒன்றை என் கணவர் வாங்கிக் கொடுத்தார். நன்றி சொல்லி வாங்கி அலமாரியில் வைத்துவிட்டார்.

"ஏன்க்கா மாட்டல?"

"அதுவே போட்டு அதுவே அணைச்சிக்கிட்டா, அப்புறம் நான் எதுக்கு எந்திரிக்கணும்?"

எங்கள் தாமான் குடியிருப்புப் பிள்ளைகள் பள்ளி விட்டு வரும்போது அவர் கேட்டில் தொங்கிக்கொண்டு நீல வெளிச்சத்தைப் பார்ப்பார்கள். உள்ளே வர அவர்களுக்குக் கூச்சம் என்று நினைத்து, தொட்டியையே ஜன்னலை ஒட்டித் தள்ளி வைத்தார். மற்றவர்கள் எதையும் கேட்க நேர்வது கூட அவருக்குத் தாங்காது.

தன் விஷயத்தில் அது எவ்வளவு தூரம் போகும் என்று நான் தெரிந்துகொண்டது ஒரு கல்யாண நாளில்.

என் நாத்தனார் மகள் கல்யாணம், தஞ்சோங் மாலிமில். அக்காவுக்கும் அழைப்பு இருந்தது. சளி, வரவில்லை என்று முதல் நாளே சொல்லியிருந்தார். காலை ஒன்பது மணிக்கு வேனில் ஏறும் முன் அவர் கேட்டில் நின்று கூப்பிட்டேன். "அக்கா, கஞ்சி வச்சிருக்கேன், எடுத்துக்கங்க!" பதில் இல்லை. சந்தைக்குப் போயிருப்பார் என்று சட்டியைக் கேட்டில் மாட்டிவிட்டுப் போனேன்.

ஐந்து மணிக்குத் திரும்பியபோது பிள்ளைகளில் ஒருத்திதான் சொன்னாள், "அம்மா, பெரியம்மா வீட்ல லைட்டு போடல." ஜன்னல் கறுத்திருந்தது. கஞ்சிச் சட்டி மாட்டிய இடத்திலேயே தொங்கியது. சாவி எங்களிடம் இல்லை. சாவி வைத்திருந்தால் எங்களுக்கு ஒரு பொறுப்பாகிவிடும் என்று அவர் கொடுத்ததே இல்லை. என் கணவர் பூட்டை அறுத்தார்.

குளியலறைத் தரையில் கிடந்தார். இடுப்பெலும்பு முறிந்திருந்தது. துண்டைச் சுருட்டித் தலைக்கு வைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கேட்டார்:

"கல்யாணம் நல்லா நடந்துச்சா? பொண்ணு அழகா இருந்துச்சா?"

காலை எட்டு மணிக்கு விழுந்தாராம்.

"அப்ப நான் கூப்பிட்டது..."

"கேட்டுச்சு. உன் கொலுசுச் சத்தமும் கேட்டுச்சு."

"ஏன்க்கா ஒரு குரல் குடுக்கல?"

"குடுத்தா நீ கல்யாணத்துக்குப் போவியா? தாய்மாமன் முறை செய்யணும் உங்க வீட்டுக்காரர். தண்ணிப் பைப்பு கைக்கு எட்டுற தூரத்துலதான் இருந்துச்சு. எனக்கு ஒன்னும் இல்ல."

மறுநாள் ஆஸ்பத்திரியில் அவரிடம் கொட்டித் தீர்த்தேன். "நீங்க யாருக்கும் தொந்தரவு குடுக்கலன்னு நெனச்சிக்கிட்டு இருக்கீங்க. நான் அங்க பந்தியில உக்காந்து பாயாசம் குடிச்சேன். நீங்க இங்க தரையில கெடந்தீங்க. இனிமே எந்தக் கல்யாணச் சாப்பாடு எனக்குத் தொண்டையில எறங்கும்? இது தொந்தரவு இல்லையா?"

அவர் போர்வையின் ஓரத்தைச் சரிசெய்தார். அதற்குப் பிறகு நாலு நாள் நான் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. இன்றும் அந்த நாலு நாள் என்னிடம் இருக்கிறது.

ஐந்தாம் நாள் போனபோது, புக்கிட் பெலிம்பிங்கிலிருந்து தம்பி வந்திருந்தார். இனி அக்கா தன்னோடுதான் இருப்பார் என்றார். அக்கா மறுக்கவில்லை. மறுத்தால் தம்பி வாரம் இரண்டு முறை இவ்வளவு தூரம் வர வேண்டியிருக்குமே. தொட்டியை விற்றுவிடலாம் என்று தம்பி சொன்னபோது, நான் எடுத்துக்கொள்கிறேன் என்று முந்திக்கொண்டு சொன்னேன். அக்கா ஒரு கணம் என்னைப் பார்த்தார். "உனக்கு எதுக்கு..." என்று ஆரம்பித்து, நிறுத்திக்கொண்டார்.

அவர் தம்பி வீட்டுக்குக் கிளம்பிய அன்று தம்பி மனைவி ஒரு நோட்டுப் புத்தகத்தை என் கையில் கொடுத்தாள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடியே எழுதியிருக்கிறார். தண்ணீர் படாமலிருக்கப் பிளாஸ்டிக் பையில் போட்டிருந்தது. ஒரு வாளிக்கு உப்பு எத்தனை கப், எவ்வளவு நேரம் கலக்க வேண்டும். ஒரு வரிசை அணைந்தால் செத்த விளக்கை எப்படிக் கண்டுபிடிப்பது, மாற்று விளக்குகள் எந்த டின்னில் இருக்கின்றன. காற்றாடியில் உப்புப் பூத்தால் எந்தத் துணியால் துடைப்பது. பெரிய மீன் சின்னதைத் துரத்தினால் பயப்பட வேண்டாம், அது விளையாட்டு. கோலாலம்பூர்க் கடைக்கு எந்த வழி, உள்ளே யாரைக் கேட்பது. கடைசிப் பக்கத்தில்: மீன் செத்தால் செம்பருத்திச் செடிக்கு அடியில் புதைத்துவிடு. மனம் கஷ்டப்படாதே. எனக்குச் சொல்ல வேண்டாம்.

படித்து முடித்தபோது எனக்குப் புரிந்தது. நான் அவரைக் கூப்பிட்டுக் கேட்பதற்கு ஒரு கேள்வியைக்கூட அவர் மிச்சம் வைக்கவில்லை.

முதல் வாரம் சும்மா போன் செய்து பார்த்தேன். "எப்படிக்கா இருக்கீங்க?" "நல்லா இருக்கேன். நீ வேலையப் பாரு, வச்சிடறேன்." ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. பின்னால் தம்பி வீட்டுத் தொலைக்காட்சிச் சத்தம் கேட்டது. அந்த வீட்டில் எந்த மூலையில் உட்கார்ந்தால் யார் வழியும் மறையாது என்று இதற்குள் கண்டுபிடித்திருப்பார். அதன் பிறகு மூன்று வாரம் நான் அந்த நோட்டைப் புரட்டிப் புரட்டி ஏதாவது விட்டுப்போயிருக்கிறதா என்று தேடினேன். பள்ளித் தேர்வுக்குக்கூட அப்படிப் படித்ததில்லை. ஒன்றும் விட்டுப்போகவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை வேலை விட்டு வந்து, விளக்கைப் போட்டுவிட்டு, நோட்டை மடியில் வைத்துக்கொண்டே போன் செய்தேன்.

"அக்கா, ஒரு வாளிக்கு உப்பு எத்தன கப்பு?"

"புஸ்தகத்துல ரெண்டாம் பக்கம் இருக்கே."

"தண்ணி கொட்டிருச்சிக்கா. எழுத்தெல்லாம் அழிஞ்சி போச்சு."

பிளாஸ்டிக் பையில் போட்டுத் தந்தவர் அவர். நான் சொன்னதை அவர் நம்பினாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

"ரெண்டர கப்பு," என்றார் மெதுவாக. "தலை தட்டிப் போடணும். ஃபில்டர் தண்ணியில. எழுதிக்கிறியா?"

"எழுதறேன்."

நான் எழுதவில்லை. அவருடைய கையெழுத்திலேயே அது என் மடியில் விரிந்து கிடந்தது.

"வேற எந்தப் பக்கம் அழிஞ்சிருக்கு?"

"எல்லாப் பக்கமும்தான்க்கா."

நாற்காலி இழுபடுகிற சத்தம் கேட்டது. யாரிடமோ, கொஞ்சம் தொலைக்காட்சியைக் குறைக்கச் சொன்னார். அவர் யாரிடமாவது எதையாவது கேட்டு என் காதில் விழுந்தது அதுதான் முதல் தடவை. பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, "சரி, மொதல்லேர்ந்து சொல்றேன், கேளு" என்றார்.